எழுத்துக்கு ஒரு வாசல், படத்துக்கு ஒரு வாசல்: பழைய வீட்டுக் கணினிகளில் அச்சு ஏன் சொதப்பியது?

1985-ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் ஒரு கமடோர் 64 கணினி, பக்கத்தில் ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். வேலை சின்னதுதான். தாளின் மேலே நான்கு வரி எழுத்து, நடுவில் ஒரு வட்டம், கீழே இன்னும் நான்கு வரி. இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கைப்பேசியிலேயே முடித்துவிடும்.

அன்று தாளில் வந்தது வேறு. மேலே இருக்கும் நான்கு வரியும் பளிச்சென்று இருக்கும். வட்டம் முட்டையாகியிருக்கும். அந்த முட்டையின் குறுக்கே சீரான இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் ஓடும். கீழே உள்ள நான்கு வரியும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். சில சமயம் படத்தின் வலது ஓரத்தில், யாரும் தட்டாத ஓர் எழுத்து தனியாக நிற்கும்.

பிரிண்டர் பழுது என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது நன்றாகவே இருந்தது. எழுத்தும் படமும் அதற்குள் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்தன. ஒவ்வொன்றாக வந்தால் பிரச்சினை இல்லை. இரண்டையும் ஒரே தாளுக்குக் கூப்பிட்டால்தான் வம்பு.

முதலில் கருவியைப் பார்த்துவிடுவோம். வங்கியில் பாஸ்புக் போடும்போது "ட்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வருமே, அந்த வகைதான். தலை ஒன்று இடமும் வலமும் ஓடும். அதில் செங்குத்தாக ஒரு வரிசை ஊசிகள். ஒவ்வோர் ஊசியும் ரிப்பனைக் குத்தினால் தாளில் ஒரு புள்ளி விழும். 1980-களின் முதல் பாதியில் வீடுகளில் பரவிய எப்சான் எம்எக்ஸ்-80, அடுத்து வந்த எஃப்எக்ஸ்-80 இரண்டிலும் 9 ஊசிகள். ஊசிக்கு ஊசி தூரம் ஓர் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டருடன் விற்ற பிரிண்டரும் அடிப்படையில் எம்எக்ஸ்-80-தான், ஐபிஎம் பெயரில் வந்தது. அதனால் இங்கே எப்சான் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற பல பிரிண்டர்களும் அதன் கட்டளைகளையே பின்பற்றின.

ஓர் 'ஏ' எப்படித் தாளுக்குப் போகிறது?

ஆங்கில 'ஏ' எழுத்தை அச்சிட வேண்டும். எழுத்து வாசல் வழியாகப் போனால் கணினி அனுப்புவது ஒரே ஒரு எண்: 65. புள்ளி எங்கே விழ வேண்டும் என்று கணினி சொல்வதே இல்லை. 65 என்றால் என்ன உருவம் என்பது பிரிண்டருக்குள் இருக்கும் ரோம் சில்லில், அதாவது மாற்ற முடியாத நினைவகத்தில், பதிந்திருக்கிறது. அந்த உருவத்தை வரைந்தவர்கள் அந்த ஊசிகளைத் தெரிந்து வரைந்தவர்கள். கிடைமட்டத்தில் அரைப் புள்ளி நகர்ந்தும் குத்தலாம் என்று வைத்து, அங்குலத்துக்கு 120 இடங்களில் எங்கு வேண்டுமானாலும் புள்ளி விழும்படி எழுத்தை அமைத்தார்கள். சாய்வுக் கோடு ஓரளவு வழவழப்பாக வந்தது அதனால்தான்.

இப்போது அதே 'ஏ'யைப் படமாக அனுப்புவோம். கமடோர் 64-இன் திரையில் ஓர் எழுத்துக்கு 8-க்கு 8 கட்டம். 'ஏ'யின் எட்டு வரிசைகளையும் கணினி இப்படி எண்ணாக வைத்திருக்கிறது: 24, 60, 102, 126, 102, 102, 102, 0. ஒவ்வோர் எண்ணும் இடமிருந்து வலமாகப் போகும் ஒரு வரிசைப் புள்ளிகள். ஆனால் பிரிண்டர் தலையில் ஊசிகள் நிற்பது மேலிருந்து கீழாக. வரிசையாகக் கொடுத்தால் அதற்குப் பயன் இல்லை, நெடுவரிசையாக வேண்டும். ஆகவே மொத்தக் கட்டத்தையும் நிரல் திருப்பிப் போட வேண்டும். மேல் ஊசிக்கு மதிப்பு 128, அடுத்ததற்கு 64 என்று பாதி பாதியாக இறங்கி எட்டாவதற்கு 1. கணக்குப் போட்டால் நெடுவரிசைகள் 0, 62, 126, 208, 208, 126, 62, 0 என்று வரும். ஒரு காகிதத்தில் கட்டம் போட்டுச் சரிபார்த்துப் பாருங்கள், நன்றாகப் புரியும்.

இவற்றை வெறுமனே அனுப்ப முடியாது. 62 என்று அனுப்பினால் 62-ஆம் குறியை அல்லவா அச்சிடும்? "அடுத்து வருவது எழுத்தல்ல, புள்ளி" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்குத்தான் எஸ்கேப் கட்டளை: 27, 75, பிறகு எத்தனை நெடுவரிசை என்ற கணக்கு இரண்டு எண்களில், இங்கே 8, 0. இப்படி அனுப்பும் ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். ஆக எழுத்தாகப் போனால் ஒரு பைட்டில் முடியும் 'ஏ', படமாகப் போனால் 12 பைட் பிடிக்கும்.

இத்தனை பாடுபட்டு வந்தது அழகாகவாவது இருக்குமா என்றால் அதுவும் இல்லை. இந்தக் கட்டளையில் கிடைமட்டத்தில் அங்குலத்துக்கு 60 புள்ளிதான். திரைக்காகச் செய்த 8-க்கு 8 எழுத்து தாளில் ஏறும்போது பருத்து, படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும். பிரிண்டர் சொந்தமாகப் போடும் 'ஏ'யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே இயந்திரத்தில் வந்தவை என்று நம்புவது கஷ்டம்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று பிரிண்டருக்குத் தெரியும். பக்கத்தில் எது எங்கே வர வேண்டும் என்று கணினிக்குத் தெரியும். ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்குத் தெரியாது.

வெள்ளைக் கோடு

எழுத்து அச்சிடும்போது பிரிண்டர் ஒவ்வொரு வரிக்கும் தாளை அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 12/72 அங்குலம் தள்ளும். எழுத்தின் உயரம் 9 ஊசிக்குள் அடங்கும், மீதி வரிகளுக்கு நடுவே மூச்சுவிடும் இடம். படத்துக்கு அந்த இடம் இருக்கக் கூடாது. படக் கட்டளை பயன்படுத்துவது 8 ஊசிகளை மட்டும் (ஒரு பைட்டில் 8 பிட்தானே, பிட்டுக்கு ஓர் ஊசி). தலை ஒருமுறை ஓடினால் 8 புள்ளி உயரத்தில் படத்தின் ஒரு பட்டை விழும். ஆகவே ஒவ்வொரு பட்டைக்கும் தாள் சரியாக 8/72 அங்குலம் நகர வேண்டும்.

வரி இடைவெளியை 8/72 ஆக்க மறந்துவிட்டால் பட்டைக்குப் பட்டை 4 புள்ளி அளவு வெற்றிடம் விழும். ஜன்னல் கம்பி வழியாகப் பார்ப்பதுபோல் படம் தெரியும். 8/72 ஆக்கிவிட்டுப் பிறகு 12/72-க்குத் திருப்ப மறந்தால்? அதுதான் கீழ் நான்கு வரியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கதை.

இரண்டையும் சரியாகச் செய்தாலும் மெல்லிய வெள்ளை மயிர்க்கோடு வருவதுண்டு. அது இயந்திரத்தின் குணம். 8/72 என்பது ஏறக்குறைய 2.8 மில்லிமீட்டர். உருளையோ பல் சக்கரமோ ஒவ்வொரு முறையும் தாளைத் துல்லியமாக அவ்வளவே தள்ள வேண்டும். கொஞ்சம் கூடினால் வெள்ளைக் கோடு, கொஞ்சம் குறைந்தால் கறுப்புக் கோடு. எழுத்திலும் இதே பிழை நடந்துகொண்டுதான் இருந்தது, வரிகளுக்கு நடுவில் வெற்றிடம் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கட்டம் போட்ட அட்டவணைகளுக்கும் இதே கதிதான்: செங்குத்துக் கோட்டுத் துண்டின் உயரம் 8 அல்லது 9 புள்ளி, வரி இடைவெளி 12. கோடு வரிக்கு வரி அறுந்து நிற்கும்.

வெள்ளைக் கோட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைக் கண்டுபிடிப்பது சுவாரசியமானது. அந்தக் காலத்தில் சில கணினிகளும், பிரிண்டரை இணைக்க இடையில் செருகிய இடைமுக அட்டைகளும் பைட்டின் எட்டு பிட்டில் ஏழைத்தான் கடத்தின. ஆங்கில எழுத்துக்கு ஏழே போதும். படத்துக்குப் போதாது: விழுந்துபோகும் எட்டாவது பிட்டின் மதிப்பு 128, அது மேல் ஊசி. விளைவாக ஒவ்வொரு பட்டையிலும் மேல் வரிசைப் புள்ளி காணாமல் போகும். பார்க்க இடைவெளிப் பிழை போலவே இருக்கும். எப்படிப் பிரித்தறிவது? ஸ்கேல் எடுத்துப் படத்தின் உயரத்தை அளக்க வேண்டும். உயரம் கூடியிருந்தால் தாள் அதிகமாக நகர்கிறது. உயரம் சரியாக இருந்தும் கோடு இருந்தால் பிட் தொலைகிறது.

நல்லது செய்யப் போய்

அந்த ஓரத்துத் தனி எழுத்துக்கு வருவோம்.

எழுத்து உலகில் 13 என்ற எண்ணுக்கு "வரித் தொடக்கத்துக்குத் திரும்பு" என்று பொருள், 10 என்றால் "அடுத்த வரிக்குப் போ". சில கணினிகள் 13 மட்டும் அனுப்பும், சில இரண்டையும் அனுப்பும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, 13-ஐக் கண்டால் தானே ஒரு 10-ஐச் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு பல இடைமுக அட்டைகளில் இருந்தது. எழுத்துக்கு நல்ல உதவி. ஆனால் படத்தில் 13 என்பது ஒரு நெடுவரிசையில் மூன்று புள்ளிகள், அவ்வளவே. அட்டைக்கு அது தெரியாது, அங்கேயும் ஒரு 10-ஐச் செருகிவிடும். 320 நெடுவரிசை என்று சொல்லி அனுப்பிய பட்டையில் இப்போது 321 பைட். செருகிய இடத்திலிருந்து படம் ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளிப்போகும். பிரிண்டர் 320-ஐ எண்ணி முடித்துப் பட வாசலை மூடிவிடும். வெளியே மாட்டிக்கொண்ட கடைசி பைட் எழுத்து வாசலுக்குப் போய் எழுத்தாக அச்சாகும். மர்ம எழுத்தின் பிறப்பு ரகசியம் இதுதான்.

கமடோரில் இதைவிட வேடிக்கை. அதன் எழுத்துக் குறியீடு, எப்சான் பிரிண்டர் எதிர்பார்க்கும் ஆஸ்கி என்ற பொதுக் குறியீட்டு முறையோடு முழுக்க ஒத்துப்போகாது. சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் இடம் மாறி நிற்கும். அதனால் எப்சான் பிரிண்டரை இணைக்க வாங்கும் இடைமுகப் பெட்டி, போகிற வழியிலேயே எண்களை மாற்றிக் கொடுக்கும். 65-ஐ 97 ஆக்கும். கடிதம் எழுதினால் அருமை. படம் அனுப்பினால் புள்ளிகள் எல்லாம் மாறிப்போகும். "நீ எதையும் தொடாதே, வந்ததை அப்படியே அனுப்பு" என்று பெட்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எழுத்து அனுப்பினால் அது கெடும்! ஒரே தாளில் இரண்டும் வேண்டுமென்றால் இப்படிச் சொல்லிச் சொல்லி மாற்றிக்கொண்டே போக வேண்டும்.

ஆப்பிள் 2-இல் 9 என்ற எண், இணைப்பு அட்டைக்கான கட்டளையின் தொடக்கம். ஐபிஎம் பேசிக் மொழியில் 80 குறிகள் போனதும் தானாக வரி மடியும். அதை நிறுத்த அகலத்தை 255 என்று அறிவிக்க வேண்டும். எல்லாமே எழுத்துக்குச் செய்த உபகாரங்கள்.

கமடோர் சொந்தமாக விற்ற எம்பிஎஸ்-801 பிரிண்டரை வாங்கியவர்கள் மட்டும் நிம்மதியாக இருந்தார்களா? குறியீட்டுச் சிக்கல் இல்லை, சரி. ஆனால் அதன் படப் பட்டையின் உயரம் 7 புள்ளி, திரையின் கட்டமோ 8. மேல் புள்ளியின் மதிப்பு அதில் 1, எப்சானில் 128. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றதில் ஓடினால் ஒவ்வொரு பட்டையும் தலைகீழாக வரும். 200 வரிசை உள்ள திரையை ஏழு ஏழாக வெட்டினால் 28 பட்டை போக 4 வரிசை மிஞ்சும், அதற்குத் தனிக் கணக்கு.

வட்டம் முட்டையான கணக்கு

கிடைமட்டத்தில் அங்குலத்துக்கு 60, செங்குத்தில் 72. அகலம் 60 புள்ளி, உயரம் 60 புள்ளி உள்ள வட்டத்தை அச்சிட்டால் அகலம் ஓர் அங்குலம் வரும், உயரம் 0.83 அங்குலம்தான் வரும். தொலைக்காட்சித் திரையின் புள்ளியும் சரியான சதுரம் இல்லை, அகலத்தைவிட உயரம் கூடியது. திரையில் வட்டமாகத் தெரிய வேண்டுமென்று கிடைமட்டத்தில் கூடுதல் புள்ளி வைத்து வரைந்திருப்பார்கள், அது தாளில் இன்னும் சப்பையாகும்.

எஃப்எக்ஸ் வரிசையில் எப்சான் இதற்கு வழி செய்தது: அங்குலத்துக்கு 72 என்ற அடர்த்தியையும் தேர்ந்தெடுக்கலாம், அதில் புள்ளிகள் இரு திசையிலும் சமம். ஆனால் அதே படம் அகலத்தில் சுருங்கும், பக்கத்து எழுத்துகளோ தம் பழைய அகலத்தில் நிற்கும். திரையில் தலைப்புக்கு நேர் கீழே இருந்த படம் தாளில் இடப்பக்கம் ஒதுங்கிவிடும்.

1984-இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் கணினிக்குத் திரையில் அங்குலத்துக்கு 72 சதுரப் புள்ளி. அதன் இமேஜ்ரைட்டர் பிரிண்டர் சாதாரண நிலையில் கிடைமட்டம் 80, செங்குத்து 72 என்று அச்சிட்டது. வட்டம் இந்த முறை ஒல்லி முட்டை. அமைப்புப் பெட்டியில் "டால் அட்ஜஸ்டட்" என்றொரு தேர்வு இருந்தது, அதை அழுத்தினால் வட்டம் வட்டமாகும், எழுத்து கொஞ்சம் அகலமாகும். எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று ஆப்பிளே கையை விரித்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

படத்தின் பக்கத்திலேயே எழுத்து வேண்டுமென்றால்

மேலே எழுத்து, கீழே படம் என்றால் இடைவெளியை மாற்றி மாற்றிச் சமாளிக்கலாம். வரைபடத்தின் பக்கத்தில் ஊர்ப் பெயர் வேண்டும் என்றால்? எழுத்துக்கு 12 புள்ளி நடை, படத்துக்கு 8 புள்ளி நடை. இரண்டு எழுத்து வரிக்கு மூன்று படப் பட்டை என்று 24 புள்ளியில் ஒருமுறைதான் இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்கும். நடுவில் எழுத்து வைக்க வேண்டுமென்றால் எழுத்தையும் 8/72 நடையில் நெருக்கியே போட வேண்டும். சின்ன 'ஜி', 'ஒய்' போன்ற எழுத்துகளின் வால் ஒன்பதாவது ஊசிவரை இறங்கும், அது அடுத்த வரியின் தலையில் இடிக்கும்.

இந்தத் தொல்லையிலிருந்து தப்ப ஒரு முடிவு எடுத்தார்கள்: எழுத்து வாசலையே பூட்டிவிடுவது. எழுத்தோ படமோ எல்லாம் புள்ளியாகவே போகட்டும். 1984-இல் பிராடர்பண்ட் நிறுவனம் வெளியிட்ட 'தி பிரிண்ட் ஷாப்' என்ற நிரல் இப்படித்தான் வாழ்த்து அட்டையும் நீளமான பேனரும் அச்சிட்டது. அதில் எழுத்து பெரிது பெரிதாக இருந்ததால் படிக்கட்டு விளிம்பு யாரையும் உறுத்தவில்லை. 1986-இல் கமடோர் 64-க்கு வந்த ஜியோஸ் என்ற வரைகலை இயங்குதளமும் உயர்தர அச்சுக்கு முழுப் பக்கத்தையும் படமாகவே அனுப்பியது. பிரிண்டரின் சொந்த எழுத்தில் வேகமாக அச்சிடும் தேர்வும் அதில் இருந்தது. அதை எடுத்தால் படம் வராது.

தமிழுக்கு இந்த விவாதமே எழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த பிரிண்டர்களின் ரோமில் 'அ'வும் கிடையாது, 'கி'யும் கிடையாது. தமிழை அச்சிட வேண்டுமானால் உருவத்தைப் புள்ளி புள்ளியாக நாமே கொடுத்தாக வேண்டும். நமக்கு எழுத்தே படம்தான்.

எல்லாவற்றையும் படமாக்கியதற்கு விலை உண்டு. ஒன்று நேரம்: கடிதம் ஒரு நிமிடத்தில் வந்த இடத்தில் பல நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். கறுப்பு நிரம்பிய படம் என்றால் தலை சூடாகும், ரிப்பன் வெளிறும். இன்னொன்று நினைவகம். 8 அங்குலம் அகலம், 10 அங்குலம் உயரம், 60-க்கு 72 அடர்த்தி: 480 பெருக்கல் 720 புள்ளி, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட் என்றால் 43,200 பைட். கமடோர் 64-இன் மொத்த நினைவகமே 65,536 பைட். அடர்த்தியை இரு திசையிலும் இரட்டிப்பாக்கினால் 1,72,800 பைட், நினைத்தே பார்க்க முடியாது. ஜியோஸின் வரைகலைச் செயலி 640-க்கு 720 புள்ளிப் பக்கத்தை வட்டில் வைத்துக்கொண்டு, தேவையான துண்டை மட்டும் நினைவகத்துக்கு எடுத்துவந்து சமாளித்தது. 64 கேபி கணினியில் அப்படி ஒன்றை ஓட்டிக் காட்டியதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மெக்கின்டாஷ் இன்னொரு தந்திரம் செய்தது. இமேஜ்ரைட்டரின் மிக உயர்ந்த தரத்தில் செங்குத்தில் அங்குலத்துக்கு 144 புள்ளி. திரையிலுள்ள 12 பாயின்ட் எழுத்தை அப்படியே பெரிதாக்கினால் படிக்கட்டுதான் வரும். ஆகவே அதே எழுத்துருவின் 24 பாயின்ட் உருவத்தை எடுத்துப் பாதி அளவில் அச்சிட்டது. வட்டில் 24 பாயின்ட் இல்லையென்றால் எழுத்து கரடுமுரடாகும். 12 பாயின்ட் கடிதம் எழுதுபவர் 24 பாயின்ட் எழுத்துருவை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று புரியாமல் அதை அழித்து வட்டில் இடம் பண்ணியவர்களுக்கு, அச்சு ஏன் திடீரென்று கெட்டது என்பதும் புரிந்திருக்காது.

லேசர் வந்ததும் தீர்ந்ததா? 1984-இல் வந்த எச்பி லேசர்ஜெட் அங்குலத்துக்கு 300 புள்ளி. ஆனால் அதன் நினைவகம் 128 கேபி. 300 புள்ளியில் ஒரு முழுப் பக்கத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி வேண்டும். ஆகவே எழுத்து 300-இல் கத்திபோல் வரும். பக்கம் முழுக்கப் படம் என்றால் 75-இல்தான் வரும். பழைய டாட் மேட்ரிக்ஸ் கதை விலை உயர்ந்த பெட்டியில் திரும்ப நடந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிளின் லேசர்ரைட்டர் 1.5 எம்பி நினைவகத்தோடும், பக்கத்தில் எது எங்கே எப்படி வர வேண்டும் என்று விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியோடும் வந்தது. அதில் எழுத்து என்பது ரோமில் உறைந்த புள்ளிக் கட்டம் அல்ல; வளைகோடுகளால் ஆன வரைவு. கோடு, வட்டம், எழுத்து மூன்றும் ஒரே வழியில் பிரிண்டருக்குப் போய், அங்கே அதன் சொந்தப் புள்ளி அடர்த்தியில் ஒரே தாளில் வரையப்பட்டன. இரண்டு வாசலும் ஒன்றானது அப்போதுதான். விலை 6,995 டாலர்.

அந்தப் பணம் இல்லாதவர்கள் பக்கத்தின் நடுவில் வெறும் வரிகளை விட்டு எழுத்தை மட்டும் அச்சிட்டார்கள். படத்தைத் தனித் தாளில் அச்சிட்டுக் கத்தரித்து, காலி இடத்தில் பசை தடவி ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸில் ஒட்டிய ஓரம் மட்டும் லேசாக நிழலாகத் தெரியும். அதன்மேல் கொஞ்சம் வெள்ளை மை வைத்து இன்னொரு முறை எடுத்தால் சரியாகிவிடும்.